சொன்னவரும் எழுதியவரும்: லஃப்காடியோ ஹெர்னின் ஜப்பானிய நூல்கள் குறித்து ஒரு மறுநோக்கு

பாரதியார் 1916ஆம் ஆண்டு சுதேசமித்திரனில் ஜப்பானியக் கவிதையைப் பற்றி எழுதிய சிறு கட்டுரை, தமிழில் ஹைக்கூ வளர்ந்த வரலாற்றைப் பயில்வோர் அனைவரும் அறிந்ததே. கல்கத்தாவின் 'மாடர்ன் ரிவ்யூ' இதழில் உயோநே நோகுச்சி எனும் ஜப்பானியப் புலவர் எழுதியதைப் படித்தே பாரதியார் அதனை எழுதினார். அந்த நோகுச்சி அதற்கு ஆறு ஆண்டுகளுக்கு முன், 1910இல், ஜப்பானில் வாழ்ந்து மறைந்த ஓர் அயல்நாட்டு எழுத்தாளரைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூல் வெளியிட்டிருந்தார். அவ்வெழுத்தாளரே லஃப்காடியோ ஹெர்ன். ஜப்பானியர் அவரைக் கொய்சுமி யாகுமோ என்னும் பெயரால் அறிவர்.

புலம்பெயர்ந்தோர் இலக்கியம் என்று நாம் பேசும்போது, ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களையும் போரினால் துரத்தப்பட்டவர்களையும் முதலில் நினைக்கிறோம். அது நம் வரலாற்றுக்கு இயல்பானதே. எவரும் துரத்தாமலே அயல்நாட்டில் குடியேறி, அந்நாட்டைப் பற்றி எழுதி, அவ்வெழுத்தைத் தொலைவிலுள்ள இன்னொரு சந்தையில் விற்று வாழ்ந்தவர்களும் உண்டு. சுயேச்சை எழுத்தாளர் என்று இன்று நாம் கூறும் தொழிலுக்கு இவர்களே முன்னோடிகள். இவர்களுடைய எழுத்தை ஆராயும்போது இரண்டு வினாக்கள் வழக்கமாக எழுப்பப்படுகின்றன. அயல் பண்பாட்டை எழுத்தாளர் சரியாகப் புரிந்துகொண்டாரா என்பது ஒன்று. அதனை மிகைப்படுத்தினாரா என்பது மற்றொன்று. எழுதுவதற்கான பொருள் அவருக்கு எவர் வழியாக வந்தது, வந்தவழி எழுத்தின் நடையை எவ்வாறு மாற்றியது என்னும் வினா அவ்வளவாக எழுவதில்லை. ஹெர்னை முன்வைத்து அவ்வினாவையே இங்கு எழுப்ப விரும்புகிறோம்.

ஹெர்ன் 1850இல் கிரேக்கத் தீவாகிய லெஃப்காடாவில் பிறந்தார். தந்தை பிரிட்டிஷ் இராணுவத்தில் பணியாற்றிய அயர்லாந்து மருத்துவர். தாய் கிரேக்கப் பெண்மணி. இருவரும் பிரிந்ததால் டப்ளினில் ஓர் உறவுப் பாட்டியால் வளர்க்கப்பட்டார். பதினாறாம் வயதில் ஒரு கண்ணின் பார்வையை இழந்தார். 1869இல் அமெரிக்காவின் சின்சினாட்டி நகருக்கு ஏறக்குறைய கைவிடப்பட்டவராகவே அனுப்பப்பட்டார். அங்குக் குற்றச் செய்திகளை எழுதும் நிருபராகப் பெயர் பெற்றார். 1874இல் கலப்பினப் பெண்ணாகிய மேட்டி ஃபோலியை மணந்தார். ஒஹையோ மாநிலச் சட்டம் அத்தகைய மணத்தை ஏற்காத காலம் அது. மறு ஆண்டே அவர் பணியாற்றிய நாளிதழ் அவரை வெளியேற்றியது. 1877இல் நியூ ஆர்லியன்ஸ் சென்று செய்தித்தாள்களில் பத்தியெழுத்தாளராகவும் பிரெஞ்சுக் கதைகளின் மொழிபெயர்ப்பாளராகவும் பத்தாண்டு வாழ்ந்தார். 1884-85இல் அந்நகரில் நடைபெற்ற உலகக் கண்காட்சிக்கு வரும் கூட்டத்தை எண்ணி, கிரியோல் பழமொழித் தொகுப்பு ஒன்றையும் சமையல் நூல் ஒன்றையும் 1885இல் வெளியிட்டார். எந்த வேளையில் எந்தச் சரக்குக்கு விலை கிடைக்கும் என்று கணக்கிடக் கற்றுக்கொண்ட எழுத்தாளரை இங்கே காண்கிறோம். அக்கண்காட்சியின் ஜப்பானியப் பகுதியில்தான் அவர் ஜப்பானையும் முதன்முதலாக நெருங்கிப் பார்த்தார். பின்னர் மேற்கிந்தியத் தீவாகிய மார்த்தினிக்கில் ஏறக்குறைய ஈராண்டு தங்கி, அதனையும் ஒரு நூலாக்கினார்.

1890 ஏப்ரலில் அவர் யோகோஹாமா துறைமுகத்தில் இறங்கியது 'ஹார்ப்பர்ஸ்' நிறுவனத்துக்காகக் கட்டுரைகள் எழுதித் தரும் ஏற்பாட்டின் பேரில்தான். உடன் வந்தவர் ஓர் ஓவியர். கட்டுரைக்குப் படம் வரையும் அவ்வோவியருக்குத் தம்மைவிடக் கூடுதல் ஊதியம் வகுக்கப்பட்டிருப்பதை அறிந்த ஹெர்ன், சினங்கொண்டு நிறுவனத்துடனான தொடர்பை முறித்துக்கொண்டார். ஹெர்னின் வாழ்க்கை வரலாற்றை எழுதுவோர் இந்நிகழ்ச்சியை அவருடைய முன்கோபத்துக்குச் சான்றாகக் காட்டுவது வழக்கம். நாம் அதனை வேறு கோணத்தில் நோக்குகிறோம். அயல்நாட்டைச் சந்தைப்படுத்தும் தொழிலில் காட்சிக்கு எழுத்தைவிட விலை அதிகம் என்பதை அந்த ஊதியப் பட்டியல் அவருக்குத் தெளிவாகவே அறிவித்துவிட்டது. கையில் பணமின்றி, நாட்டின் மொழியும் அறியாமல் நின்ற அவருக்கு, ஜப்பானிய மொழியறிஞரான பேசில் ஹால் சேம்பர்லின் முதலியோரின் உதவியால் மட்சுவே நகரில் ஆங்கில ஆசிரியர் வேலை கிடைத்தது.

மாத ஊதியம் 100 யென். 1891 நவம்பரில் குமாமோட்டோவின் உயர்நிலைக் கல்லூரிக்குச் சென்றபோது அது 200 யென் ஆயிற்று. 1896இல் தோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கிய விரிவுரையாளரானபோது 400 யென். இடையில் கோபே நகரின் ஆங்கில நாளிதழ் ஒன்றில் சில மாதங்கள் தலையங்கம் எழுதினார். கண் நோய் அதனை நிறுத்தியது. இவ்வெண்களைத் தருவதற்குக் காரணம் உண்டு. எழுத்தையே நம்பி வாழ்ந்தவர் என்று நினைவுகூரப்படும் ஹெர்னின் ஜப்பானிய வாழ்க்கையைத் தாங்கியது பெரும்பாலும் ஆசிரியர் ஊதியமே. 1894இல் இரு தொகுதிகளாக வந்த 'அறியாத ஜப்பானின் காட்சிகள்' தொடங்கி 1904இல் வந்த 'க்வைடான்' வரை ஏறத்தாழ ஆண்டுக்கொன்றாக அவர் நூல் வெளியிட்டார். அந்நூல்களைப் பக்கக் கூலிக்காக அவசரமாக எழுத வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லாமற்போனது வகுப்பறையால்தான். ஆசிரியப் பணி எழுத்தைக் கெடுக்கிறது என்று நம்மிடையே அடிக்கடி கேட்கும் முறையீட்டை இதனோடு வைத்துப் பார்க்கலாம்.

'அறியாத ஜப்பானின் காட்சிகள்' இன்றும் விரும்பிப் படிக்கப்படும் நூல். எனினும் அதன் நடை நம்மைக் களைப்படையச் செய்கிறது என்பதைக் கூறாமலிருக்க இயலாது. மரச்செருப்புகளின் ஓசை, கோயில் மணி, ஏரியின் மூடுபனி என ஒவ்வொன்றின்மேலும் அடைமொழிகள் அடுக்கப்படுகின்றன. பிரெஞ்சு எழுத்தாளர் கோத்தியேயை மொழிபெயர்த்துப் பழகிய கை அது. அமெரிக்க வாசகர் வேண்டியது புதுமை. எழுத்தாளர் அதனை வாரி வழங்கினார். இவ்வகை எழுத்துக்கு ஓர் உட்சிக்கல் உண்டு. எழுத்தாளர் அந்நாட்டில் வேரூன்ற வேரூன்ற, அவர் விற்கும் புதுமை அவருக்கே புதுமையாக இல்லாமற்போகிறது. குமாமோட்டோவிலிருந்து 1893, 1894ஆம் ஆண்டுகளில் சேம்பர்லினுக்கு எழுதிய கடிதங்களில் அந்தச் சலிப்பு வெளிப்படையாகத் தெரிகிறது. இந்நிலையில் எழுத்தாளர் இன்னொரு நாட்டுக்குப் பெயர்ந்து புதுமையைத் தேடுவார். நியூ ஆர்லியன்ஸிலிருந்து மார்த்தினிக்குக்கும், அங்கிருந்து ஜப்பானுக்கும் ஹெர்ன் சென்றது அவ்வாறே. இம்முறை அவரால் பெயர இயலவில்லை. மனைவி இருந்தார்; 1893இல் மகன் பிறந்தான்; மனைவியின் உறவினர் பலரும் அவர் ஊதியத்தை நம்பியிருந்தனர்.

1896இல் அவர் ஜப்பானியக் குடியுரிமை பெற்றதையும் இங்கு எண்ண வேண்டும். அதனை ஜப்பானின்மீது கொண்ட காதலின் உச்சம் என்று புகழ்வோர் உளர். உண்மையில் அது ஒரு குடும்பத் தலைவரின் சட்டக் கணக்கு. மனைவி செத்சுவுக்கும் பிள்ளைகளுக்கும் தம் சொத்து சேர வேண்டும், அவர்கள் ஜப்பானியராகவும் நீடிக்க வேண்டும் என்றால் கொய்சுமி குடும்பப் பதிவேட்டில் தாம் நுழைவதே வழி என்று அவர் தேர்ந்தார். 1903இல் பல்கலைக்கழகம் அவருடைய ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கவில்லை. மாணவர் கிளர்ந்தெழுந்தும் பயனில்லை. இங்கிலாந்தில் கற்றுத் திரும்பியிருந்த நாட்சுமே சோசெகி அப்பணியில் அமர்த்தப்பட்டவர்களுள் ஒருவர். தம் மக்களையே ஆங்கில இலக்கியம் கற்பிக்கத் தேர்ந்த நாட்டைக் குறைகூற முடியாது. ஆயினும் அந்நாட்டின் குடிமகனாகவே ஆகிவிட்ட ஒருவர் அக்கணக்கில் எப்பக்கம் நின்றார் என்பது எண்ணத்தக்கது.

செத்சுவின் பங்கு

கொய்சுமி செத்சு 1868இல் மட்சுவேயில் ஒரு சாமுராய் குடும்பத்தில் பிறந்தவர். மெய்ஜி மாற்றத்தால் அவ்வகுப்பினர் வருவாயிழந்து வறுமையுற்றனர். செத்சுவின் முதல் கணவர் அவரைவிட்டு நீங்கிவிட்டார். 1891இன் தொடக்கத்தில் ஹெர்னின் வீட்டைப் பார்த்துக்கொள்ள வந்த அவர், ஹெர்னின் வாழ்க்கைத் துணையானார். ஹெர்னுக்கு ஜப்பானிய நூல்களைத் தாமே படிக்கும் அளவுக்கு மொழியறிவு இறுதிவரை வாய்க்கவில்லை. செத்சுவுக்கு ஆங்கிலம் தெரியாது. இருவரும் தமக்கென ஒரு மொழியை ஆக்கிக்கொண்டனர். வேற்றுமை உருபுகளும் வினைத்திரிபுகளும் உதிர்ந்துபோன, சொற்களின் வரிசையும் மாறிய ஓர் எளிய ஜப்பானியம் அது. 'ஹெர்ன் ஐயாவின் பேச்சு' என்று வீட்டார் அதனை அழைத்தனர்.

பழைய புத்தகக் கடைகளில் கதைத் தொகுப்புகளைத் தேடி வாங்கியவர் செத்சு. அவற்றைப் படித்து மனத்தில் இருத்தி, இரவில் விளக்கின் திரியைத் தாழ்த்திக் கணவருக்குச் சொன்னவரும் அவரே. புத்தகத்தைப் பார்த்துப் படிக்க ஹெர்ன் விடுவதில்லை. உன் சொல்லாகவே, உன் எண்ணமாகவே சொல்ல வேண்டும் என்பார். அதனால் கதையைத் தமதாக்கிக்கொள்ளும்வரை செத்சு மீண்டும் மீண்டும் படிக்க வேண்டியிருந்தது. கனவிலும் அவை வந்தன என்று தம் நினைவுக்குறிப்பில் கூறுகிறார். கதையில் அச்சம் மிகும் இடம் வந்தால் ஹெர்ன் முகம் வெளிறி, அந்த வரியை மறுபடி சொல்லச் செய்வார். எந்தக் குரலில் சொல்லியிருப்பர், அப்போது இரவு எப்படி இருந்திருக்கும் என்றெல்லாம் இருவரும் ஆராய்வர்.

இதனைப் படிக்கும் ஆசிரியர் எவரும் இது வெறும் தகவல் தருதல் அன்று என்பதை உணர்வர். நாட்டார் வழக்காற்றியலில் நாம் 'தகவலாளி' என்றொரு சொல்லை ஆள்கிறோம். தோட்டப்புறத்துப் பாட்டியிடம் தாலாட்டைப் பதிவு செய்து வரும் மாணவரும் படிவத்தில் அவ்விடத்தை நிரப்பக் கற்பிக்கப்படுகிறார். செத்சுவை அப்படிவத்தில் அடக்க இயலாது. அவர் பனுவலைத் தேர்ந்தார், சுருக்கினார், இன்னொரு மொழிவடிவுக்கு மாற்றினார், நிகழ்த்திக் காட்டினார். இன்றைய பதிப்புத் தொழிலில் இவ்வேலைகள் ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயரும் ஊதியமும் உண்டு.

ஆனால் நூல்கள் என்ன கூறுகின்றன? 'அறியாத ஜப்பானின் காட்சிகள்' அமெரிக்கக் கடற்படை அதிகாரி மிட்செல் மக்டொனால்டுக்கும் சேம்பர்லினுக்கும் படைக்கப்பட்டுள்ளது. 'கிழக்கிலிருந்து' (1895) மட்சுவேயின் சக ஆசிரியர் நிஷிடா செந்தாரோவுக்கு. 'கொகொரோ' (1896) நண்பர் அமெனோமோரி நொபுஷிகேவுக்கு. தொடக்க நாள்களில் ஹெர்னுடன் கோயில்களுக்குச் சென்ற மாணவ மொழிபெயர்ப்பாளர் அகிரா, முதல் நூலில் பெயரோடு நடமாடுகிறார். 'க்வைடான்' முன்னுரை தன் மூலங்களாகப் பழைய ஜப்பானிய நூல்களின் பெயர்களைத் தருகிறது; பனிப்பெண் கதையைச் சொன்னவர் முசாஷி பகுதியைச் சேர்ந்த ஓர் உழவர் என்று அவருடைய ஊரையும் குறிப்பிடுகிறது. அந்நூல்களை வாங்கிப் படித்துச் சொன்னவரைப் பற்றி அம்முன்னுரையில் ஒரு சொல்லும் இல்லை.

அக்கால வழக்கம் அதுவே, மனைவியின் பெயரைப் பொதுவில் எடுக்காமையே நாகரிகம் என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பில் உண்மை உண்டு. ஹெர்ன் தம் மனைவியை இகழ்ந்தவரும் அல்லர். தாம் அறிந்த ஜப்பான் அவர் வழியாக வந்தது என்பதை வீட்டிற்குள் ஒப்புக்கொண்டவர். எனினும் ஹெர்னின் வாழ்வில் இது முதல்முறை அன்று. சின்சினாட்டியில் மேட்டி ஃபோலி பேய்களைக் கண்டதாகச் சொன்ன கதைகளே 1875ஆம் ஆண்டில் அவர் எழுதிய செய்தித்தாள் கட்டுரை ஒன்றுக்கு அடிப்படை என்று ஆய்வாளர் கருதுவர். மார்த்தினிக்கில் அவருக்குச் சமைத்துப் போட்ட சிரில்லியா, தன் ஊரின் நம்பிக்கைகளைக் கூறுபவளாக மேற்கிந்திய நூலில் ஒரு கட்டுரை முழுதும் வருகிறாள். ஒரு பணிப்பெண் கதைமாந்தராகலாம், வியப்புக்குரிய பொருளாகலாம். மனைவியோ கதைமாந்தராகவும் இல்லை, உடனுழைத்தவராகவும் இல்லை. மூன்று நாடுகளிலும் அந்நாட்டின் உள்ளறைக் கதவு அவருக்குத் திறந்தது அடுக்களை வழியாகவே.

நடையின் மாற்றம்

இனி நடைக்கு வருவோம். 'அறியாத ஜப்பானின் காட்சிகள்' நூலையும் 'க்வைடான்' தொகுப்பையும் அடுத்தடுத்துப் படிப்பவர் இரண்டும் ஒரே கையின் எழுத்தா என வியப்பர். அடைமொழிகள் உதிர்ந்துவிட்டன. வாக்கியங்கள் குறுகிவிட்டன. முதிர்ச்சி வந்தது என்று விமர்சகர் கூறி அமைவர். முதிர்ச்சி என்பது விளக்கத்தைத் தள்ளிவைக்கும் சொல் என்பது நம் கருத்து. உருபும் திரிபும் குறைந்த ஒரு வீட்டுமொழியில், இருட்டறையில், குரலால் மட்டும் வந்துசேர்ந்த கதைகளை ஒருவர் பத்தாண்டுக்கு மேல் கேட்டிருக்கிறார். அம்மொழியில் அலங்காரத்துக்கு இடமே இல்லை. கதையின் எலும்பு மட்டுமே அதன்வழி கடந்து வர முடியும். ஹெர்னின் ஆங்கிலம் மெலிந்ததற்கு இவ்வடிகட்டலே முதன்மைக் காரணம் எனக் கருத இடமுண்டு. அயல்மொழி மாணவர்க்கு எளிய ஆங்கிலத்தில் மெல்ல விரிவுரையாற்றிய பழக்கமும் துணைசெய்திருக்கும். அவ்விரிவுரைகளை மாணவர் சொல்லுக்குச் சொல் எழுதி வைத்ததாலேயே அவை அவர் இறந்தபின், 1915 முதல், நூலாயின என்பது இங்கு இடையே சொல்லத்தக்க செய்தி. அங்குச் சொன்னவர் ஹெர்ன், எழுதியவர் பிறர், அட்டையில் இருப்பது சொன்னவர் பெயர்.

'காதற்ற ஹோயிச்சி' கதையை எடுத்துக்கொள்வோம். பார்வையற்ற இசைஞன் ஹோயிச்சி, கடற்போரில் மாண்ட ஹெய்கே குலத்தின் ஆவிகளுக்கு முன், அப்போரின் வரலாற்றையே தன் பீவா யாழில் பாடுகிறான். அவனைக் காக்க உடலெங்கும் மந்திரம் எழுதப்படுகிறது. காதுகள் மட்டும் விடுபடுகின்றன. ஆவி அவற்றைப் பிய்த்துச் செல்கிறது. இதன் மூலம் 1782ஆம் ஆண்டுத் தொகுப்பொன்றில் உள்ளது. ஹெர்னின் வடிவத்தில் ஒலி மேலோங்குகிறது: காலடி, கவசத்தின் உரசல், வாயிலில் எழும் ஆணை. வாயிலைத் திறக்கச் சொல்லும் அவ்வாணைக்குச் செத்சு சொன்ன இயல்பான ஜப்பானியத் தொடர் வலுவற்றது என்று ஹெர்னுக்குப் பட்டது. பலவாறு எண்ணி, சீனச் சொல்வழக்கில் அமைந்த 'கைமொன்' என்னும் ஒற்றைச் சொல்லைத் தேர்ந்தார். ஆங்கிலக் கதையிலும் அச்சொல் அப்படியே நிற்கிறது. அக்கதையை எழுதிக்கொண்டிருந்த ஒரு மாலையில் ஹெர்ன் விளக்கேற்றாமல் இருந்தார். அடுத்த அறையிலிருந்து செத்சு தாழ்ந்த குரலில் ஹோயிச்சியின் பெயரைச் சொல்லி அழைத்தார். தாம் பார்வையற்றவன், அழைப்பது யார் என்று உள்ளிருந்து விடை வந்ததாம். கணவன் மனைவி விளையாட்டு எனலாம். ஒரு கதையை நிகழ்த்துவோர் இருவர் ஒத்திகை பார்த்ததாகவும் இதனைக் கொள்ளலாம். நாம் இரண்டாவதையே ஏற்கிறோம்.

இதனால் ஹெர்னின் கலையைச் செத்சுவுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டும் என்று வாதிடவில்லை. கேட்டதிலிருந்து எதனை விடுவது, எந்த இடத்தில் நிறுத்துவது என்று முடிவு செய்தவர் ஹெர்னே. 'க்வைடான்' நூலின் கடைசிப் பகுதியிலுள்ள பூச்சிகள் பற்றிய கட்டுரைகளில் பழைய நடையின் சாயல் மீண்டும் எட்டிப் பார்ப்பதும் நம் கருதுகோளுக்குப் பொருந்துகிறது. அவை அவர் தாமே படித்தும் சிந்தித்தும் எழுதியவை.

தொடக்கத்தில் குறிப்பிட்ட நோகுச்சியின் வாழ்க்கை இதன் தலைகீழ்ப் படிவமாக இருக்கிறது. 1893இல் அமெரிக்கா சென்ற அவர் ஆங்கிலத்தில் கவிதையும் புனைவும் எழுதி வாழ முயன்றார். 1902இல் அவர் வெளியிட்ட நூல், ஜப்பானியப் பெண்ணொருத்தி எழுதும் அமெரிக்க நாட்குறிப்பாக அமைந்தது. அங்கும் விற்பனைப் பொருள் ஜப்பானின் புதுமையே. 1901இல் செய்தித்தாளில் விளம்பரம் செய்து அவர் தேடிக்கொண்ட ஆங்கிலத் திருத்துநர் லியோனி கில்மர் எனும் அமெரிக்கப் பெண். நோகுச்சியின் ஆங்கிலத்தைச் செம்மை செய்தவர் அவர். பின்னர் நோகுச்சியின் மகனுக்குத் தாயுமானார். அம்மகனே சிற்பி இசாமு நோகுச்சி. நோகுச்சி 1904இல் நாடு திரும்பிய சில வாரங்களில், செப்டம்பர் 26ஆம் நாள், ஹெர்ன் மாரடைப்பால் இறந்தார்.

நம் நாட்டு அனுபவம் இவ்விருவருடையதினின்றும் வேறானது. கு. அழகிரிசாமி 1952இல் கோலாலம்பூருக்கு வந்து, 1957வரை தமிழ் நேசனில் பணியாற்றினார். அவரும் எழுத்துத் தொழிலுக்காகவே கடல் கடந்தவர். ஆனால் 1924 முதல் 2019 வரை இயங்கிய அந்நாளிதழ் தமிழ் வாசகருக்காக நடந்தது. அவர் எழுதியதும் திருத்தியதும் தமிழிலேயே. தாம் வந்து சேர்ந்த நாட்டை வேறொரு மொழியின் சந்தைக்குக் கொண்டுசெல்லும் தேவை அவருக்கு எழவில்லை. அதனால் இடையில் ஒரு செத்சுவும் தேவைப்படவில்லை. மலாய், சீனச் சூழலைத் தமிழில் எழுதிய பிற்காலத்தவரைப் பற்றி இவ்வாறு கூற இயலுமா என்பது நம் துறையில் தனியே ஆராயத்தக்கது. அவர்களுக்கு அச்சூழலைச் சொன்னவர் யார், எம்மொழியில் சொன்னார் என்று நாம் பெரும்பாலும் கேட்டதில்லை.

ஹெர்னின் கதைகள் பின்னர் ஜப்பானிய மொழிக்கே பெயர்க்கப்பட்டு, அந்நாட்டார் தம் கதைகளென்று படிக்கும் நிலையை அடைந்தன. கோபயாஷி மசாகி 1964இல் எடுத்த 'க்வைடான்' திரைப்படத்தில் ஹோயிச்சியும் பனிப்பெண்ணும் இடம்பெற்றனர். ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே. 2025 செப்டம்பரில் தொடங்கிய காலைத் தொடருக்கு மையமாகச் செத்சுவை முன்மாதிரியாகக் கொண்ட பாத்திரத்தை அமைத்தது. செத்சு தம் நினைவுகளை 1914இல் வெளிவந்த ஹெர்ன் வரலாற்று நூலொன்றுக்காகவே முதலில் தந்தார். அவர் சொல்லச் சொல்ல வேறொருவர் எழுதிக்கொண்டதாகவே அதுவும் அமைந்தது. 1918இல் அதன் ஆங்கில வடிவம் அமெரிக்காவில் தனி நூலாக வந்தபோது தலைப்பில் ஹெர்னின் பெயரும், ஆசிரியர் இருக்க வேண்டிய இடத்தில் கொய்சுமி செத்சுவின் பெயரும் அச்சாகியிருந்தன.